ஊசி வண்டியைக் கண்டால் ஓடும் பையன்

கேள்வி: நான் திருச்சியில் நர்சிங் படித்தவள். இப்போது ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், அபோரிஜினல் மக்கள் வாழும் ஒரு சிற்றூரின் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். 14 வயதுப் பையன் ஒருவனுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதயத்தின் மைட்ரல் வால்வில் லேசான கசிவு இருக்கிறது. மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட வேண்டும். எங்கள் வண்டியைக் கண்டாலே ஓடிவிடுகிறான். "நல்லாத்தானே பந்து விளையாடுகிறான்" என்கிறார் பாட்டி. மாத்திரைக்கு மாற்றிவிடலாமா டாக்டர்? ஊசிக்குப் பதிலாக ஆராய்ச்சியில் வேறு ஏதாவது வந்திருக்கிறதா?

பதில்: மாத்திரைக்கு மாற்ற வேண்டாம். பல ஆண்டுகளுக்குத் தினம் இரண்டு வேளை பெனிசிலின் மாத்திரை விழுங்க வேண்டும். எந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை அதைச் செய்யும்? ஒழுங்காக விழுங்கினாலும், காய்ச்சல் திரும்ப வராமல் தடுப்பதில் ஊசி அளவுக்கு அது வேலை செய்வதில்லை. ரத்தம் உறையாத கோளாறு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் மருத்துவர்கள் மாத்திரை தருவார்கள்.

பாட்டி சொல்வது தவறில்லை. அவன் இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். தொண்டையில் 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றும்போது, அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் காவல் சக்தி சில பிள்ளைகளுக்குத் தன் மூட்டுகளையும் இதய வால்வையும் சேர்த்தே தாக்குகிறது. மூட்டு வலி தடம் தெரியாமல் போய்விடும், வால்வில் விழுந்த வடு தங்கிவிடும். இதுதான் ருமாட்டிக் இதயநோய். அடுத்த தொற்று வந்தால் அடுத்த வடு. ஊசி வடுவை ஆற்றும் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள், அது அடுத்த தொற்றைத் தடுக்கிறது. காய்ச்சல் திரும்பாமல் சில ஆண்டுகள் கடந்தால், லேசான கசிவு பல பிள்ளைகளுக்குக் குறைந்தே போகிறது. ஆகவே பாட்டியிடம், "அவன் இதேபோல் பந்து விளையாடிக்கொண்டே இருக்கத்தான் இந்த ஊசி" என்று சொல்லுங்கள். இதயம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவதைவிட இது எடுபடும், உண்மையும் இதுதான்.

இந்தப் பழைய மருந்துக்கு நல்ல சான்று சமீபத்தில்தான் வந்தது. உகாண்டாவில் அறிகுறியே இல்லாமல், எக்கோவில் (இதயத்தின் ஸ்கேன் படத்தில்) மட்டும் வால்வுப் பாதிப்பு தெரிந்த 818 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே (0.8 சதவீதம்) நோய் முற்றியது. போடாதவர்களில் 8.2 சதவீதம். உங்கள் பையனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது என்பதால் அவன் கணக்கு அப்படியே இது ஆகாது. ஆனாலும், ஆரம்பத்திலேயே பிடித்து ஊசி போட்டால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது.

இனி நடைமுறைக்கு வருவோம். நம்மூரில் 'பெனிட்யூர்' என்று போடுவீர்களே, அதே பென்சத்தீன் பெனிசிலின்தான். நம்மூரில் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை, அங்கே வழக்கமாக 28 நாள். 20 கிலோவுக்கு மேல் என்றால் 12 லட்சம் யூனிட். பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: 28ஆம் நாளை ஊசி போடும் தேதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கடைசிக் கெடு. 29ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் பாதுகாப்பில்லாத நாளாகக் கணக்காகும். எனவே 21ஆம் நாளிலிருந்தே தேட ஆரம்பியுங்கள். வேறு ஊருக்கு இழவுக்கோ திருவிழாவுக்கோ கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே போட்டு அனுப்பலாம், போகிற ஊர்க் கிளினிக்குக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

அவன் ஓடுவது வலிக்குப் பயந்துதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போட்டால் அந்தக் கெட்டி மருந்து பிராணனை வாங்கும். அறை வெப்பத்துக்கு வரட்டும். ஸ்பிரிட் காயட்டும். ஊசி இறங்கும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஐஸ் வையுங்கள். மருந்தை இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். உங்கள் கிளினிக் நெறிமுறை அனுமதித்தால் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைச் சேர்க்கலாம். எந்தப் பக்கம் என்பதை அவனே சொல்லட்டும். பிடித்து அமுக்கிப் போட்ட ஊசியால் அந்த மாதம் காப்பாற்றப்படலாம், அடுத்த பல ஆண்டுகள் கைவிட்டுப் போகும்.

ஒரு எச்சரிக்கை. வால்வு மிக மோசமாகப் பழுதாகி, மூச்சு வாங்குகிற நோயாளிகளில் சிலர் ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்ததுண்டு. ஒவ்வாமை என்றே எல்லோரும் நினைத்தார்கள். பலவீனமான இதயம் அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் போனதே பலருக்குக் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் ஆலோசனை வெளியிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை யோசிக்கத்தக்கது. உங்கள் பையன் அந்த ரகம் இல்லை.

"இந்த மக்கள் மருந்து விஷயத்தில் அக்கறை இல்லாதவர்கள்" என்ற பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். நம்பாதீர்கள். வடக்குப் பிரதேசத்தில் பத்து ஊர்களில், ஊசி தவறாமல் போய்ச் சேர வைக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. டார்வினின் மென்சீஸ் ஆராய்ச்சி நிறுவனம் முறையாக அளந்து பார்த்ததில், தவறாமல் ஊசி பெறுவோர் விகிதம் உயரவில்லை. தோல்வி என்று ஒதுக்கிவிடக் கூடாத முடிவு இது. கிளினிக்கில் பதிவேட்டையும் நினைவூட்டலையும் மட்டும் சீர்செய்தால் போதாது என்று அது காட்டிக்கொடுத்தது. நர்ஸ்கள் சில மாதத்தில் மாறிப் போகிறார்கள். மொழி தெரியாது. யாரிடம் பேச வேண்டும், யாரிடம் பேசக் கூடாது என்ற உறவுமுறையும் தெரியாது. இதே நோயோடு வாழும் அபோரிஜினல் ஆட்களே மற்றவர்களிடம் பேசும் 'சாம்பியன்ஸ் ஃபார் சேஞ்ச்' போன்ற முயற்சிகள் அதனால்தான் வந்தன. உங்கள் கிளினிக்கின் அபோரிஜினல் சுகாதாரப் பணியாளரிடம் இந்தப் பையனைப் பற்றி இன்றே பேசுங்கள். முடிந்தால் முன்னால் அவர் நடக்கட்டும், பின்னால் நீங்கள் போங்கள்.

புதிய மருந்து விஷயத்தில், சரி, நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. அதே பெனிசிலினை அதிக அளவில், தோலுக்கடியில் மெதுவாக ஏற்றினால் ஏறத்தாழ மூன்று மாதம் தாங்குமா என்று பெர்த்திலும் நியூசிலாந்திலும் சோதிக்கிறார்கள். நியூசிலாந்தில் காய்ச்சல் வந்த இளைஞர்களிடமே முயன்றிருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கிளினிக்கில் வழக்கமாகக் கிடைக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. இந்தக் கிருமிக்கான தடுப்பூசி ஆராய்ச்சிக்கு ஆஸ்திரேலிய அரசு 2019இல் 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. இந்தப் பையன் வளர்ந்து ஆளாவதற்குள் அது கைக்கு வரும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

மருந்தைவிட வீடு பெரிய விஷயம். மத்திய ஆஸ்திரேலியாவில் பிட்ஜன்ட்ஜாட்ஜரா மக்களின் நிலத்தில் 1987இலேயே ஓர் அறிக்கை வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் வருகிறதா, துணியும் படுக்கையும் துவைக்க முடிகிறதா, கழிவுநீர் வெளியேறுகிறதா, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்டது அது. நோய் வீட்டுக் குழாயிலேயே ஆரம்பிக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். நியூசிலாந்திலும் மாவோரி, பசிபிக் தீவுக் குடும்பங்களுக்காக 2013 முதல் வீடுகளைச் சீராக்கும் திட்டம் நடக்கிறது. நீங்கள் ஊசியோடு போகும் வீட்டில் குழாய் உடைந்திருந்தால், அதையும் எழுதி உரியவர்களுக்கு அனுப்புங்கள். நர்ஸ் வேலை இல்லையே என்பார்கள், சொல்லட்டும்.

குவீன்ஸ்லாந்தின் டூமட்ஜியில் 2019-20இல் ருமாட்டிக் இதயநோய் இருந்த மூன்று பெண்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பெயர்களை எழுதவில்லை, இறந்தவர் பெயரைச் சொல்லாமலிருப்பது அங்கே பல சமூகங்களின் வழக்கம். 2023இல் வெளியான மரண விசாரணை முடிவு, சிகிச்சைக் குறைகளோடு, மருத்துவமனையும் கிளினிக்கும் தகவல் பகிராமல் இருந்ததையும் சுட்டியது. உங்கள் பையன் மூச்சு வாங்குகிறது என்று வந்தால், பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பழைய பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, அவன் தம்பி தங்கைகள். ஆர்ன்ஹெம் லேண்டின் மானிங்ரிடாவில் 2018இல் பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்தபோது, ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பலருக்கு அதுவரை தெரியாது. ஒரே வீட்டில் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கு எக்கோவுக்கு எழுதுங்கள். தொண்டை வலியைப் போலவே தோல் புண்ணையும் விடாதீர்கள், அந்தக் கிருமிக்கு அதுவும் ஒரு வாசலாக இருக்கலாம். தோல் புண்ணுக்குப் பெனிசிலின் ஊசிதான் வேண்டும் என்பதில்லை. வடக்குப் பிரதேசத்தில் 508 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் சில நாள் கோ-டிரைமாக்சசோல் வாய்வழி மருந்தும் சளைக்காமல் வேலை செய்தது. அண்ணன் படும் பாட்டைப் பார்த்து ஒளியும் சின்னதுகளுக்கு அது போதும்.