சூடானால் நின்றுவிடும் பி.எஸ்.ஏ.: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கடற்படைத் தளத்தில் வேலைபார்த்த என் தந்தை ஓட்டிய 1952ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. பி31 என்ற பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிளை நான்கு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சீர்செய்து, சென்ற மாதம்தான் பூட்டி முடித்தேன். காலையில் இரண்டாவது உதையிலேயே எஞ்சின் பிடித்துவிடுகிறது. ஆனால் பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால்தான் மறுபடியும் கிளம்புகிறது. பட்டறையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர்தான் காரணம் என்று இருமுறை மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டு எடுத்தால் நீலப் புகை வேறு மண்டுகிறது. என்ன செய்வது?
- செம்பவாங் வாசகர்

பதில்: மூன்றாவது முறையாகக் கார்புரேட்டரை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். ஆறியபோது ஒழுங்காக ஓடுவதும், சூடானதும் நிற்பதும், மறுபடி ஆறினால் எழுவதும் கார்புரேட்டரின் குணத்தைவிட, பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் குணத்தையே அதிகம் காட்டுகின்றன. இருந்தாலும் காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்துவிடுவோம். வண்டி நின்றவுடன் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே காற்று உறிஞ்சப்படும் ஓசை கேட்டு, மூடியைத் தளர்த்தி வைத்தபின் வண்டி ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் அந்தத் துளைக்குள் பெயிண்ட் புகுந்துவிடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

மூடியில் குற்றமில்லை என்றால், அடுத்த முறை நின்றதும் ஆறவிடாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் இருந்த ஓட்டையிலிருந்து தள்ளி, சிலிண்டர் தலையின் உலோகத்தில் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்து, பொறி மட்டும் வராமலோ மங்கலாகவோ இருந்தால் வழக்கு முடிந்தது. உங்கள் வண்டியில் மேக்னெட்டோ, பேட்டரியின் துணையின்றித் தானே மின்சாரத்தை உண்டாக்கிப் பொறியைத் தருகிறது. அதன் சுழலும் பாகத்துக்குள் மெல்லிய கம்பிச் சுருளும், அதோடு சேர்ந்த, மின்னைச் சேமித்து விடுவிக்கும் கண்டென்சரும் பொதிந்து கிடக்கின்றன. அக்காலச் சுருள்களுக்கு அரக்கு பூசுவார்கள். எழுபது ஆண்டு கடந்த அரக்கும் கண்டென்சரும் எஞ்சினின் வெப்பமும் நம் சிங்கப்பூர் வெயிலும் சேரும்போது தாக்குப்பிடிப்பதில்லை. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட் முனைகளில் கருகலும் குழிவும் தெரிந்தால் கண்டென்சர் மீதான சந்தேகம் இன்னும் வலுக்கும். பாயிண்ட் இடைவெளி 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆனால் இடைவெளியைத் திருத்துவதால் மட்டும் இந்த நோய் தீராது. சுருளை மறுபடியும் சுற்றிப் புதிய கண்டென்சர் பொருத்துவதே மருந்து. மேக்னெட்டோ வேலையை மட்டும் செய்யும் கைகளிடம் கொடுங்கள், வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தாலும் சரி.

புகைக்குக் காரணம் வேறு. பி31இல் எண்ணெய் எஞ்சினின் அடியில் தங்குவதில்லை. தனித் தொட்டியிலிருந்து பம்பு உள்ளே அனுப்பி, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவருகிறது. பல நாள் நிறுத்திவைத்தால் தேய்ந்த பம்பின் வழியாகத் தொட்டியின் எண்ணெய் மெல்லக் கீழே இறங்கி, எஞ்சினின் அடியிலுள்ள கிரேங்க் அறையில் குளம்கட்டிவிடும். அது எரிவதுதான் நீலப் புகை. வெகுநாள் நின்ற வண்டியை எடுக்கும்முன் அடி மூடியைத் திறந்து அந்த எண்ணெயை வடித்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது தொட்டியின் வாய்வழியே எட்டிப் பார்த்தால் எண்ணெய் திரும்பி வந்து விழுவது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். எண்ணெய்க் குழாயில் திறந்து மூடும் திருகு ஒன்றை வைத்து, நிறுத்தும்போது மூடினால் போதும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைத் திறக்க மறந்து, எண்ணெய் இல்லாமல் ஓட்டிப் புதுப் பிஸ்டனோடு எஞ்சினை இறுகவிட்ட நண்பர் ஒருவர் எனக்குண்டு.

கேள்வி: என்னுடையதும் 1952 பி31தான். படங்களில் டேங்கும் ரிம்மும் குரோமில் மின்னுகின்றன. என் வண்டியில் எல்லாமே பெயிண்ட். குரோம் பூசிவிட்டால் வேலை முழுமையடையும் அல்லவா?
- ஈசூன் வாசகர்

பதில்: ஆகாது. கொரியப் போர்க்காலத்தில் நிக்கல் தட்டுப்பாடு ஏற்பட்டு, குரோம் பூச்சுக்குக் கட்டுப்பாடு வந்ததால், பிரிட்டிஷ் நிறுவனங்கள் அந்த ஆண்டு வண்டிகள் பலவற்றின் டேங்கையும் ரிம்மையும் பெயிண்டடித்தே விற்றன. உங்கள் வண்டி பெயிண்டோடு இருப்பதே அது எந்த ஆண்டில் பிறந்தது என்பதற்குச் சாட்சி. ஆகவே குரோமுக்கு ஒதுக்கிய பணத்தை டயரில் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் பார்வைக்குப் புதிதாகத் தெரியும் டயர் பத்தாண்டுப் பழையதாக இருக்கலாம்.

கேள்வி: எஞ்சினைப் புதுப்பித்தபின் எப்படி ஓட்டிப் பழக்க வேண்டும்?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: விரைவுச்சாலையில் வேண்டாம். ஞாயிறு விடியலில், லிம் சூ காங், மண்டாய் பக்கம் போக்குவரத்து குறைந்த சாலைகளில் ஓட்டுங்கள். பழைய அப்பர் தாம்சன் சாலையிலும் போகலாம். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரிக்ஸ் நடந்த அந்தச் சாலையில் பந்தய மோட்டார்சைக்கிள்களும் ஓடியிருக்கின்றன. உயர் கியரில் எஞ்சினைத் திணறவிடாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் 150 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றி, சிலிண்டர் தலையின் போல்ட்டுகளையும் ஸ்போக்குகளையும் மறுபடி சரிபாருங்கள். புதிய வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒன்று: அக்கால பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். அவசரத்தில் கால் தானாகவே பழைய இடத்தைத் தேடும் என்பதால், வாகனம் இல்லாத இடத்தில் நிறுத்திப் பழகியபிறகே சாலைக்கு வாருங்கள்.

கேள்வி: 2028க்குப் பிறகு பழைய மோட்டார்சைக்கிள் எதையுமே ஓட்ட முடியாது என்கிறார்களே?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு 2028 ஜூன் 30 கடைசி நாள் என்பது உண்மைதான். ஆனால் குறைந்தது 35 ஆண்டு வயதான வண்டிகளுக்குத் தனித் திட்டம் உண்டு. அதில் சேர்ந்தால் ஆண்டுக்கு 45 நாள் வரைதான் சாலையில் ஓட்டலாம். உங்கள் வண்டி எந்தப் பதிவில் இருக்கிறது என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே முதல் போல்ட்டைக் கழற்றுங்கள்.