பாப்பா கேட்கும் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ்: நாமக்கல் அண்ணாவுக்கு ஒரு பதில்

அண்ணா, வணக்கம்.

போன வாரம் நீங்கள் போனில் கேட்டது இதுதான். பாப்பாவின் கட்-ஆஃபுக்குக் கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது சந்தேகம். அவளோ ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். "அது மேப் வரைகிற படிப்பாமே, அதை வைத்து என்ன பிழைப்பது?" என்றீர்கள். லோடு இறக்கும் சத்தத்தில் நான் சொன்னதில் பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது. அதே கேள்வியோடு இன்னும் சில பெற்றோரும் வந்திருப்பதால், எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வண்டியிலிருந்தே தொடங்கலாம். லாரியில் மாட்டியிருக்கும் டிராக்கர் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டுத் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அதற்கு முக்கியமாகக் கிடைப்பது இரண்டு எண்கள், அட்சரேகையும் தீர்க்கரேகையும். சாலை என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த எண்களும் சில மீட்டர் இப்படி அப்படி இருக்கும். பைபாஸ் மேம்பாலத்தில் போகும் வண்டியை உங்கள் போன் பக்கத்து சர்வீஸ் ரோட்டில் காட்டுவது அதனால்தான். இதைச் சரிசெய்ய, கிடைத்த புள்ளியைக் கணினி சாலை வரைபடத்தோடு வைத்துப் பார்க்கிறது. வண்டி எந்தத் திசையில் போகிறது, பத்து விநாடிக்கு முன் எந்தச் சாலையில் இருந்தது, அங்கிருந்து இந்தச் சாலைக்கு வர வழி இருக்கிறதா என்று பார்த்து, எந்தச் சாலை என்று தீர்மானிக்கிறது. மேப் மேட்சிங் என்று இதற்குப் பெயர்.

கார்களுக்கு ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே இருந்த வித்தை இது. 1985-இல் கலிஃபோர்னியாவில் ஈடாக் என்ற நிறுவனம் காருக்குள் வைக்கும் வழிகாட்டிக் கருவி ஒன்றை விற்றது. அதில் ஜி.பி.எஸ். கிடையாது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதையும் திசைகாட்டியையும் வைத்து, கேசட்டில் பதிந்த சாலை வரைபடத்தோடு பொருத்தியே கார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சிக்னல் எட்டாத சுரங்கப்பாதைக்குள் இன்றைய கார்களும் கிட்டத்தட்ட அதே முறையில்தான் சமாளிக்கின்றன. வரைபடம் தப்பாக இருந்தால் செயற்கைக்கோள் எத்தனை இருந்தும் பயனில்லை என்பதை பாப்பாவுக்கும் சொல்லுங்கள். இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வரைபடம் கண்ணால் பார்க்கிற படம் கிடையாது, ஒரு பெரிய தரவுத்தளம். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புள்ளி, இரண்டு சந்திப்புக்கு நடுவில் இருக்கும் சாலை ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஏகப்பட்ட தகவல் ஏற்றப்பட்டிருக்கும்: ஒருவழியா, வலது பக்கம் திரும்பலாமா, என்ன வேகம், எத்தனை லேன். லாரிக்கு இது போதாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரயில்வே பாலத்துக்கு அடியில் எவ்வளவு உயரம், பாலம் எத்தனை டன் தாங்கும், ஊருக்குள் கனரக வண்டிக்கு எத்தனை மணிக்கு நோ என்ட்ரி, இதெல்லாம் வேண்டும். திம்பம் மலைப்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022-இல் இருந்து அங்கே சரக்கு வண்டிகள் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை போகக் கூடாது. அந்த நேரத் தடை வரைபடத்தில் ஏறாவிட்டால், மைசூருக்குப் போக அதுதான் குறுக்குவழி என்று மெஷின் காட்டிவிடும். டிரைவர் பண்ணாரி செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டி விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தத் தகவலைச் சேகரிப்பது, சரிபார்ப்பது, அதை வைத்து வழி கணக்கிடும் மென்பொருள் எழுதுவது, எல்லாம் சேர்ந்ததுதான் பாப்பா கேட்கும் துறை. தொழில் பண்ணும் உங்கள் வீட்டிலேயே பாதிப் பாடத்தை அவள் கேட்டு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை லேசாக நினைக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். மேப்மைஇந்தியா 1995-இல் தொடங்கிய நம் நாட்டு வரைபட நிறுவனம். 2021 டிசம்பரில் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. இதே தொழிலில் இருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களில், டாம்டாம் நிறுவனத்துக்குப் புனேயிலும் ஹியர் நிறுவனத்துக்கு மும்பைப் பக்கமும் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன. அந்த ஹியர் நிறுவனத்தை 2015-இல் ஆடி, பி.எம்.டபிள்யூ., டைம்லர் என்ற மூன்று கார் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து வாங்கின. ஒன்றோடொன்று போட்டி போடுகிறவர்கள் வரைபடத்துக்காகக் கைகோத்தார்கள் என்றால் அதன் மதிப்பை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கேயும் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று ஆனது. ஒரு மீட்டரைவிட நுணுக்கமான வரைபடத் தரவை இந்திய நிறுவனங்கள்தான் உருவாக்கலாம் என்றும் விதி வைத்தார்கள். பயணிகளை ஏற்றும் பஸ், டாக்ஸிகளில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்ற ஏ.ஐ.எஸ்.-140 விதியும் இருக்கிறது. அந்தக் கருவி அனுப்பும் தகவலைக் கையாளவும் ஆள் வேண்டும்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத பகுதியையும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையின் அடிப்படி வேலை டிஜிட்டைசிங். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நாள் முழுக்கக் கோடு போடுவது. சம்பளம் குறைவு. மெஷின்களே செய்யத் தொடங்கிவிட்ட வேலையும் அதுதான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் டிகிரி முடித்து இந்த வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் அங்கேயே நின்றுவிட்டான். அப்புறம் இரவில் உட்கார்ந்து பைத்தான் என்ற கோடிங் மொழியும், வரைபடத் தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஸ் என்ற தரவுத்தள மென்பொருளும் படித்துத்தான் மேலே வந்தான். அவன் தவறவிட்ட இரண்டு வருஷத்தைப் பாப்பா தவறவிடக் கூடாது. கோடிங்கை முதலாம் ஆண்டிலேயே தொடங்கட்டும். வழி கண்டுபிடிக்கும் கணக்கு, தரவுத்தளம், புள்ளியியல், இந்த மூன்றிலும் கை தேர்ந்தால் மேப் கம்பெனி மட்டுமில்லை, டெலிவரி, டாக்ஸி, லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகளும் கூப்பிடும். கேம்பஸ் இன்டர்வியூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அளவுக்கு நிறுவனங்கள் வரிசையில் நிற்காது. கொஞ்சம் தேடிப் போக வேண்டியிருக்கும்.

கிண்டியில் இந்தப் படிப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அங்கே இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால், பெயருக்காக எங்கோ ஒரு கல்லூரியில் இதே பிரிவைத் தேடிப் போக வேண்டாம். நல்ல கல்லூரியில் சிவிலோ ஐ.டி.யோ படித்துவிட்டு மேற்படிப்பில் இந்தத் துறைக்கு வரலாம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்விலும் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் என்ற பெயரில் இந்தத் துறைக்குத் தனித் தாள் இருக்கிறது. டேராடூனில் இருக்கும் இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. அதை எந்தப் பிரிவு மாணவரும் படிக்கலாம்.

கவுன்சிலிங்கில் சாய்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி உலக வரைபடத்தில் தங்கள் ஊரைச் சேர்க்கலாம். காசு கிடையாது. உங்கள் பட்டறைத் தெருவும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும் அதில் சரியாக இருக்கிறதா என்று பாப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டுப்போனதை அவளே நேரில் நடந்து பார்த்து, ஒருவழியா, லாரி போகுமா என்று விசாரித்துச் சேர்க்கட்டும். அவள் கேட்டால் நீங்களும் கூடப் போங்கள். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிடுங்கள். மார்க் லிஸ்டைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். அவள் எத்தனை தெரு முடித்தாள், எந்த இடத்தில் சலித்துப்போய் எழுந்தாள், எதை விடாமல் மறுபடி போய்ப் பார்த்தாள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.