கேட்பவர் ஆணா, பெண்ணா, திருநரா என்பதைப் பொறுத்து ஒரு குரல் ஆண் குரலாகவோ பெண் குரலாகவோ கேட்பது மாறுமா?

கட்டைக் குரல், கீச்சுக் குரல் என்றால் பெரிதாக மாறாது, யார் கேட்டாலும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற குரல் என்றால் மாறும். என் குரல் அந்த ரகம். நான் பெண். இலங்கையின் கிழக்கே கல்முனையில் ஒரு பார்மசியில் போன் எடுக்கிறேன். "ஹலோ, சொல்லுங்க" என்றதும் சிலர் "தங்கச்சி" என்பார்கள், சிலர் "தம்பி, பிரஷர் குளிசை வந்திட்டா?" என்பார்கள்.

பேசும்போது ஆண்களின் சுருதி சராசரியாக 120 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், பெண்களுக்கு 200 சொச்சம். 150, 160 என்றால் இரு பக்கமும் போகலாம். ஆனால் சுருதி மட்டும் போதாது. தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாய் ஆண்களுக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. குரலின் கனம் பெரும்பாலும் அதில்தான்.

அக்கரைப்பற்றுப் பக்கத்தில் எனக்கொரு திருநங்கைத் தோழி. முதல் தடவை போனில் பேசியபோதே தயங்காமல் "அக்கா" என்றாள். எப்படி என்று பிறகு கேட்டேன். "நான் சுருதியைக் கேட்கிறதே இல்ல அக்கா. சத்தம் வாய்க்குள்ள எங்க நிக்குது, வசனத்தை எப்பிடி இறக்கிறாங்க, அதத்தான் கேட்பன்" என்றாள்.

அதற்குக் காரணம் உண்டு. திருநம்பிகள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் குரல்நாண் தடித்துக் குரல் இறங்கிவிடும். திருநங்கைகளுக்கு அந்த வசதி இல்லை. பருவ வயதில் உடைந்த குரலை ஈஸ்ட்ரோஜன் மேலே ஏற்றாது, பெரும்பாலும் பயிற்சிதான் வழி. அவள் தன் குரலைப் போனில் பதிந்து பதிந்து, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தியவள். மற்றவர்கள் காதில் விழாததெல்லாம் அவள் காதில் விழுகிறது. ஆகவே என் அபிப்பிராயம், அடையாளம் நேரே காதை மாற்றுவதில்லை. அந்த அடையாளத்தோடு வாழ என்னவெல்லாம் கேட்டுப் பழக வேண்டியிருந்ததோ, அதுதான் மாற்றுகிறது.

எதிர்பார்ப்புக்கும் பங்குண்டு. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பால் தெளிவில்லாத குரலைப் போட்டு, பேசுவது ஆண் என்று சிலரையும் பெண் என்று சிலரையும் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒரே உயிரொலியை இரு தரப்பும் வேறு வேறாகக் கேட்டார்கள். மட்டக்களப்பில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்துப் பாணிகளில் எதுவானாலும், அந்தக் காலத்தில் பெண் வேஷம் கட்டியது ஆண்கள்தான். திரௌபதி ஆண் தொண்டையில் பாடி அழுவாள், வட்டக்களரி என்ற வட்டமான கூத்து மேடையைச் சுற்றியிருக்கும் பெண்டுகளும் சேர்ந்து அழுவார்கள். அதே ஆள் களரியை விட்டிறங்கி வெத்திலை கேட்டால், சுத்தமான ஆம்பிளைக் குரல்!

இன்னொன்று, சற்று முன் காதில் என்ன விழுந்தது என்பது. ஆண் குரல்களையே கொஞ்ச நேரம் கேட்டபின் நடுத்தரக் குரலைக் கேட்டால் அது பெண் பக்கம் சாயும், பெண் குரல்களைக் கேட்டிருந்தால் ஆண் பக்கம். இது 2008இல் சோதித்துக் காட்டப்பட்டது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எனக்கும் சந்தேகம் உண்டு: காலையில் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர், அதற்கு முன் டொக்டரம்மாவோடு பேசிவிட்டு வந்தவர்களாக இருக்கும்.