மாலைக்கண் உள்ளவரின் இரவு நடைக்கு எதை வாங்குவது?

கேள்வி: ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா என்னும் விழித்திரை நோய் உள்ள என் தந்தையாருக்குப் பொழுதுபட்ட பின் கண் தெரிவதில்லை. மாலைப் பூசை முடிந்து ஒழுங்கையால் வரும்போது மதகடியில் கால் தவறி விழுந்துவிட்டார். விளம்பரங்களில் வரும் ‘இரவுப் பார்வை’ மஞ்சள் கண்ணாடியை வாங்கலாமா, ரோச் லைற் போதுமா?
- வாசகி, கோப்பாய்

பதில்: கண்ணாடியை வாங்க வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் கலங்களே இந்நோயில் முதலில் பழுதடைகின்றன என்பதால் உங்கள் தந்தையாருக்குத் தேவைப்படுவது கூடுதல் ஒளி; மஞ்சள் வில்லையோ கண்ணை வந்தடையும் ஒளியிலும் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. 2019 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இத்தகைய கண்ணாடியை அணிந்து இரவில் வாகனமோட்டுவது போன்ற சோதனையில் ஈடுபட்டவர்கள்கூடப் பாதசாரிகளை முன்னதாகக் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் பணத்தை நல்ல ரோச் லைற்றுக்குச் செலவிடுங்கள். ஆனால் கடையில் ‘எவ்வளவு தூரம் அடிக்கும்’ என்று கேட்டு வாங்காதீர்கள். இந்நோயில் பக்கப் பார்வையும் படிப்படியாகச் சுருங்குவதால், தூரத்தில் சிறு வட்டமாய் விழும் ஒளியைவிட, காலடியிலிருந்து ஒழுங்கையின் இரு கரையும் தெரியுமாறு சீராகப் பரவும் ஒளியே அவருக்கு உதவும். இயலுமானால் அவரையே அழைத்துச் சென்று, இருட்டிய பின் கடை வாசலில் நிலத்தில் ஒளிபாய்ச்சிப் பார்க்கச் சொல்லுங்கள். மாரி மழையில் நடப்பதற்கு ‘ஐபிஎக்ஸ் 4’ அல்லது அதற்கு மேற்பட்ட நீர்க்காப்புக் குறி வேண்டும். ரோச் லைற்றுக்குள் போடும், மீள மின்னேற்றக்கூடிய 18650 வகைப் பற்றரியில் ‘9900 மில்லி அம்பியர் மணி’ என்று அச்சிடப்பட்டிருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். அந்த அளவுப் பற்றரியின் உண்மையான கொள்ளளவு கூடியபட்சம் ஏறத்தாழ 3500 தான், பொய்க் குறியிட்ட பற்றரி பாதி வழியில் அணைந்துவிடக்கூடும்.

வெள்ளைப் பிரம்பையும் வாங்குமாறு வற்புறுத்திச் சொல்கிறேன். முற்றாகப் பார்வை இழந்தவர்களுக்கு மட்டுமே அது உரியது என்ற எண்ணத்தால் எத்தனையோ பேர் வீணாக விழுந்தெழும்புகிறார்கள். மதகின் விளிம்பையும் பள்ளத்தையும் கால் வைக்குமுன்பே அது உணர்த்திவிடும். அவருக்குப் பார்வை குறைவு என்பதை எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் அறிவிக்கும். நிலத்திலிருந்து நெஞ்செலும்பு வரையான நீளம் பொதுவாகப் பொருந்தும். மடிக்கக்கூடியதென்றால் பகலில் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். அது ஊன்றி நடக்கும் தடியன்று, பயன்படுத்தும் முறையைப் பழக வேண்டும். பயிற்சி பற்றி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் விசாரியுங்கள்.

எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். பொய்யான விபரத்தைக் கூறி விற்றிருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.