டவுன் பஸ்ஸை சிஎன்ஜிக்கு மாத்தலாமா? அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: கோயம்புத்தூர்ல ரெண்டு டவுன் பஸ் ஓட்டறோம் சார், அப்பா காலத்து பர்மிட். ஒண்ணு 2018 மாடல் பிஎஸ் 4, இன்னொண்ணு 2021 பிஎஸ் 6 (அந்தந்த காலத்துப் புகைக் கட்டுப்பாட்டு விதி), ரெண்டுமே டீசல். ஒருத்தர் வந்து சிஎன்ஜி (அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு) கிட் மாட்டித் தரேன், ஆர்டிஓ வேலையும் நானே முடிச்சிடறேன், மத்திய அரசு மானியம் பாதி வந்துரும்னு சொல்லி அட்வான்ஸ் கேக்கறார். சென்னைலயே எலக்ட்ரிக் பஸ் வந்தாச்சு, இனிமே டீசலுக்கு எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதின்னு தர்ற சர்டிஃபிகேட்) கிடைக்காதுங்கறார். மாத்தலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீங்க, மத்ததை எல்லாம் அப்புறம் பேசலாம். டீசல் வண்டிங்கற ஒரே காரணத்துக்காக கோயம்புத்தூர்ல எஃப்சி மறுக்க மாட்டாங்க. புகை அளவுக்குள்ள இருந்து பிரேக், லைட், பாடி சரியா இருந்தா போதும்.

அந்த மானியப் பேச்சு முழுப் பொய். 2024ல மத்திய அரசு கொண்டு வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்துல 14,028 பஸ்ஸுக்கு 4,391 கோடி ஒதுக்கினாங்க, அது எலக்ட்ரிக் பஸ்ஸுக்கு மட்டும், அதுவும் 40 லட்சத்துக்கு மேல ஜனத்தொகை இருக்கற பெரிய ஊர்கள்ல அரசு போக்குவரத்து நிறுவனங்களுக்கு மட்டும். சிஎன்ஜி கிட்டுக்கு அதுல ஒரு ரூபா கிடையாது. தமிழ்நாட்டுல ஆயிரக்கணக்குல தனியார் பஸ் ஓடுது, ஊரு ஜனம் நிறைய அதுல போகுது, அந்தப் புகையையும் குறைக்கணும்னு ஏன் யாருக்கும் தோணலன்னு எனக்குப் புரியவே இல்ல, இந்த ஓட்டை இருக்கறதாலதான் புரோக்கருங்க உள்ள புகுந்து மானியம் மானியம்னு பணம் புடுங்கறாங்க. சென்னைல 2025 ஜூன் 30 அன்னைக்கு வியாசர்பாடி டிப்போல இருந்து விட்ட 120 எலக்ட்ரிக் பஸ்ஸும் எம்டிசி (சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம்) சொந்தமா வாங்கினது இல்ல, தனியார் கம்பெனி ஓட்டுது, கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு எம்டிசி பணம் கொடுக்குது. அதை வச்சு உங்களைப் பயமுறுத்தறதுல அர்த்தமே இல்ல.

இனி கிட். பெட்ரோல் கார்ல மாட்டற மாதிரி டீசல் பஸ்ல மாட்டிட முடியாது. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அழுத்தத்துலயே எரியுது. முழுசா சிஎன்ஜில ஓட்டணும்னா பிஸ்டன் மாத்தி கம்ப்ரஷனைக் குறைக்கணும், இன்ஜெக்டர் இருந்த இடத்துல பிளக் வரணும், கன்ட்ரோல் யூனிட் புதுசு போடணும். அதாவது இன்ஜினைப் பாதி புதுசா செய்யற வேலை. "ரெண்டு நாள்ல மாட்டிடலாம்"னு சொல்றவன்கிட்ட பேச்சை அங்கயே முடிச்சுக்கங்க. கிட்டுக்கு புனேல இருக்கற ஏஆர்ஏஐ மாதிரி டெஸ்ட் ஏஜென்சியோட அப்ரூவல் வேணும், அந்த சர்டிஃபிகேட்ல உங்க இன்ஜின் மாடல் வரணும். வேற மாடலோட சர்டிஃபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் காட்டுவாங்க, நம்பாதீங்க, ஏஜென்சி பேரு, நம்பர் எல்லாம் குறிச்சுக்கிட்டு நீங்களே கேட்டு உறுதி பண்ணுங்க. 

சிலிண்டர்ல காசு மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீங்க. பஸ் டயர்ல காத்தோட அழுத்தம் சுமார் 8 பார், சிஎன்ஜி சிலிண்டர்ல 200 பார். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பாக்கற சோதனை) கட்டாயம், மத்திய அரசோட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அனுமதி உள்ள இடத்துல மட்டும். பழைய சிலிண்டருக்கு பெயின்ட் அடிச்சு, தேதியை மாத்தி குத்தி விக்கறவங்க இருக்காங்க. உங்க பஸ்ல நின்னுக்கிட்டு வர்ற பிள்ளைங்களுக்கு கீழயோ மேலயோதான் அது இருக்கப் போகுது.

சேமிப்புக் கணக்கும் டெல்லி கேஸ் விலையை வச்சுப் போட்டுக் காட்டுவாங்க. நம்ம ஊர் பங்க்ல விலை அதைவிட ஜாஸ்தி, நீங்களே போய்ப் பாத்து கணக்கு போடுங்க. கூடவே அந்த பங்க் பைப்லைன்ல நேரா கேஸ் வர்றதா, இல்ல லாரில சிலிண்டர் அடுக்கு கொண்டு வந்து நிரப்பறதான்னு கேளுங்க. லாரியை நம்பி இருக்கற பங்க்ல பிரஷர் இறங்கிடும், டேங்க் முழுசா நிரம்பாது, ஆட்டோக்காரங்களோட வரிசைல நிக்கணும். ஒரு டிரிப் போச்சுன்னா அன்னைக்கு லாபம் போச்சு. டெல்லில சுப்ரீம் கோர்ட் 1998ல உத்தரவு போட்டு எல்லா பஸ்ஸையும் சிஎன்ஜிக்கு மாத்தினப்ப அவங்க பட்ட பெரிய கஷ்டமே இந்த பங்க் வரிசைதான்.

அப்போ 2018 வண்டியை மாத்தவே கூடாதான்னா, ஒரே ஒரு நிலைமைல மாத்தலாம். எப்படியும் இன்ஜினை இறக்கி முழு வேலை பாக்க வேண்டிய நேரம் வந்திருக்கணும், ஏன்னா பிஸ்டன், லைனர், ஹெட் வேலைக்கு எப்படியும் ஒரு பெரிய தொகை போடப் போறீங்க, அதோட மேல போடற காசு மட்டும்தான் மாத்தறதுக்கான செலவுன்னு ஆயிடும். ஆனா அப்பவும் உங்க இன்ஜினுக்குன்னே அப்ரூவல் வாங்கின கிட் கிடைக்கணும், ரூட்ல பைப்லைன் பங்க் இருக்கணும், வண்டியை இன்னும் அஞ்சாறு வருஷமாவது ஓட்டற எண்ணம் இருக்கணும், சேஸிஸ் துரு பிடிக்காம இருக்கணும், சிலிண்டர் வெயிட்டைத் தாங்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம். இன்ஜின் நல்லா ஓடிட்டு இருக்கும்போது அதைப் பிரிச்சு கெடுத்துக்காதீங்க.

2021 வண்டியைத் தொடவே வேண்டாம். பிஎஸ் 6 வண்டியை மாத்தலாம்னு 2022 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்பு 3.5 டன்னுக்கு உள்ள இருக்கற வண்டிக்குத்தான், உங்க பஸ் அதுல வராது.

என்னைக் கேட்டா 2018 வண்டியோட காலம் முடியற வரைக்கும் டீசல்லயே ஓட்டி, அடுத்த வண்டியா கம்பெனிலயே சிஎன்ஜியா வர்ற பஸ் எடுங்க. பர்மிட் போயிடாது, மோட்டார் வாகனச் சட்டம் 83வது பிரிவுல வண்டி மாத்தறதுக்கு அனுமதி கேட்டு நீங்களே மனு போடலாம். புது வண்டி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போடுங்க, அந்த ஃபைல் நகர எத்தனை நாள் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒருவேளை கிட்டே மாட்டறதா முடிவு பண்ணினா ஆர்சில எரிபொருள் மாத்தி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லி பாலிசில ஏத்தின பிறகுதான் வண்டியை ரூட்ல விடணும். ஆர்சி, பர்மிட் ஒரிஜினல் எதையும் அந்த ஆள் கையில கொடுத்து அனுப்பாதீங்க.