மே மாதம் இரவிகுளம் போகலாமா?

கேள்வி: மே விடுமுறையில் ஏழு வயது மகனோடும் முழங்கால் வலியுள்ள மாமியாரோடும் மூணாறு போகிறோம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் யானை, புலி தென்படுமா? குறிஞ்சி பூத்திருக்குமா? ஆனைமுடியில் ஏற விடுவார்களா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கட்டாயம் போங்கள். யானை, புலி இரண்டும் அந்தக் காட்டில் உண்டு. ஆனால் பயணிகளை விடும் ராஜமலைப் பகுதியில் அவற்றை எதிர்பார்க்காதீர்கள். குறிஞ்சி கடைசியாகக் கூட்டமாகப் பூத்தது 2018-இல். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்து 2030. ஆனைமுடியை (2,695 மீட்டர்) கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம், சாதாரண டிக்கெட்டில் ஏற முடியாது.

அப்புறம் எதற்குப் போக வேண்டும்? வரையாட்டுக்காக. நம் மாநில விலங்கு அது. நீலகிரி முதல் அகத்தியமலை வரை உயரமான புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் மட்டும் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. இரவிகுளத்தில்தான் அதிகம். வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் குட்டி ஈனும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள். அதனால் நீங்கள் போகும் மே மாதம் அருமையான நேரம். குட்டிகள் தாயின் பின்னால் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருக்கும். பாதையோரத்திலேயே மேயும், மனிதரைக் கண்டு ஓடாது. முதுகில் வெள்ளி பூசினாற்போல் தெரிவது வயது முதிர்ந்த கிடா. அதைக் கண்டுபிடிக்கும் வேலையை மகனிடம் விடுங்கள். ஆனால் தொடவோ தின்பண்டம் நீட்டவோ விடவே கூடாது. குட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் செல்போனோடு நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அந்த மலை ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களின் வேட்டைக்காடு. பிறகு அவர்களே காவலும் போட்டார்கள். அந்த மலைப் பழங்குடியினரான முதுவர்கள் காவலாளிகளாக இருந்தார்கள். 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. இல்லாவிட்டால் அந்தப் புல்வெளியிலும் தேயிலை ஏறியிருக்கும் என்பது என் எண்ணம். மேலே நின்று பார்த்தால் சரிவெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் கருகருவென்று சோலைக்காடு. புல்லும் சோலையும் மழையைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுகின்றன. பாம்பாற்றில், அதாவது நம் அமராவதியில், வரும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து இறங்குவதுதான்.

திருப்பூரிலிருந்து உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகவே போங்கள். இந்த வழியில் பூங்கா வாசல் மூணாறுக்கு முன்னாலேயே வந்துவிடும். முதல் நாள் இரவு மறையூரில் தங்கி, காலை முதல் நேரத்துக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். மே மாதக் கூட்டத்தில் பத்து மணிக்கு மேல் போனால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும், மேலே மஞ்சும் மூடிக்கொள்ளலாம்.

வாசலிலிருந்து வனத்துறைப் பேருந்து மேலே கொண்டுபோய் விடும். அதற்கப்புறம் தார்ச்சாலையில் ஏற்றமாக நடக்க வேண்டும். மாமியார் முடிந்த தூரம் நடந்து எங்காவது உட்கார்ந்தாலும் போதும், ஆடுகள் அங்கேயே வரும். பேட்டரி வண்டி கிடைக்குமா என்று கவுன்ட்டரில் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் ஸ்வெட்டர் வேண்டும்.

மகனுக்குக் காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் வழியில் வரும் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம்தான் சரியான இடம். பழங்குடி வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். அங்கே காடே வேறு: முள்மரமும் வெயிலும். சாம்பல் நிற அணில் பூனையளவு பெரிதாக மரத்தில் படுத்திருக்கும். யானையைப் பார்க்க வாய்ப்பும் அந்தப் பக்கம்தான் அதிகம். அதனால் திரும்பும்போது இருட்டுவதற்குள் அந்தச் சாலையைக் கடந்துவிடுங்கள்.