ட்ரை லைனிங் கற்க இரண்டு வார கோர்ஸ் போதுமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், வயது 29. கடை வேலை அலுத்துவிட்டது. ஜிப்சம் போர்டு அடித்து உள்சுவரும் சீலிங்கும் அமைக்கும் ட்ரை லைனிங் வேலையில் நல்ல வருமானம் என்கிறார்கள். இரண்டே வாரத்தில் கற்றுத் தருவதாக ஒரு பயிற்சி நிலையம் பெரிய தொகை கேட்கிறது. கட்டலாமா? இல்லை, சம்பளத்தோடு வேலை பார்த்துக்கொண்டே கற்கும் அப்ரன்டிஸ்ஷிப் இந்த வயதிலும் கிடைக்குமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டு வாரத்தில் போர்டு வெட்டவும், அதைத் தாங்கும் செங்குத்துச் சட்டமான ஸ்டட் நிறுத்தவும் ஓரளவு கை பழகும், அது உண்மைதான். ஆனால் கட்டுமான சைட்டில் தொழில் தெரிந்தவர் என்று காட்டுவது நீல நிற சிஎஸ்சிஎஸ் (கட்டுமானத் தொழிலாளர் திறன்) அட்டை. அதற்கு லெவல் 2 என்விகியூ என்ற தொழில் தகுதிச் சான்று வேண்டும். நிஜ சைட்டில் நீங்கள் செய்யும் வேலையைப் பார்த்து மதிப்பீட்டாளர் தருவது அது. பயிற்சிக்கூடத்துச் சுவரைக் காட்டி வாங்க முடியாது. அந்த நிலையத்திடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: முடிவில் கிடைப்பது என்விகியூவா, கலந்துகொண்டதற்கான சான்றிதழா? என்விகியூதான் என்றால், எந்த சைட்டில் வைத்து மதிப்பிடுவார்கள்?

அப்ரன்டிஸ்ஷிப்புக்கு மேல் வயது வரம்பே கிடையாது. இங்கிலாந்தில் இதற்கான பயிற்சியின் பெயர் ‘இன்டீரியர் சிஸ்டம்ஸ் இன்ஸ்டாலர்’, லெவல் 2. சுமார் 2 வருடம் பிடிக்கும். பயிற்சிச் செலவு உங்கள் தலையில் விழாது. ஆங்கிலம், கணிதத் தேர்வை நினைத்துத் தயங்க வேண்டாம். 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2025 பிப்ரவரியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். விசா வகையும் இங்கே வசித்த காலமும் தகுதியைப் பாதிக்கும் என்பதால் அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கஷ்டம் சம்பளத்தில்தான். 29 வயதானாலும் முதல் வருடம் அப்ரன்டிஸ் குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் சட்டப்படி போதும். 2025 ஏப்ரல் கணக்கில் அது மணிக்கு 7.55 பவுண்டு. இரண்டாம் வருடத்திலிருந்து உங்கள் வயதுக்குரிய கூலி. அப்போதைய கணக்கில் 12.21. கூடுதலாகத் தரும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் வீட்டு வாடகை கட்டுபவர் அந்த முதல் வருடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

அது கட்டுப்படியாகாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் அதையே சொல்வேன். லெவல் 1 பாதுகாப்புப் பயிற்சியும் சிஐடிபி என்ற கட்டுமானப் பயிற்சி அமைப்பின் பாதுகாப்புத் தேர்வும் முடித்தால் லேபரருக்கான பச்சை சிஎஸ்சிஎஸ் அட்டை எடுக்கலாம். அதை வைத்து ஒரு ட்ரை லைனிங் நிறுவனத்தில் லேபரராகச் சேருங்கள். போர்டு சுமப்பதும் கூட்டிப் பெருக்குவதும்தான் ஆரம்பத்தில் வேலை. வேலையைக் கவனிப்பவர் என்று தெரிந்தால் ஸ்க்ரூ கன் கைக்கு வரும். அப்புறம் என்விகியூவில் பதிந்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

என்ன கவனிக்க வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். ஸ்க்ரூவின் தலை போர்டின் காகிதத்தைக் கிழிக்காமல் இம்மியளவு உள்ளே அமுங்கி நிற்க வேண்டும். காகிதம் கிழிந்தால் உள்ளே இருப்பது வெறும் ஜிப்சம், பிடிமானம் போய்விடும். வெளியே துருத்தினால் ஜாயின்ட் பூசுபவரின் கத்தி தட்டும். சாதாரணச் சுவரில் ஸ்டட்டுகள் 600 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும், சில சுவர்களில் 400. எங்கே எது, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீத்தடுப்புச் சுவரில் இந்தக் கவனம் இன்னும் முக்கியம். அங்கே போர்டு, ஸ்க்ரூ இடைவெளி, ஓரத்து சீலன்ட் எல்லாம் சோதித்துப் பார்த்த அமைப்பின்படியே இருக்க வேண்டும். 2017 கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. அந்தச் சுவரை நம்பித்தான் ஆட்கள் உள்ளே தூங்குகிறார்கள்.

உடம்பையும் யோசியுங்கள். 12.5 மில்லிமீட்டர் தடிமனில் 2.4 மீட்டர் நீளமுள்ள முழு போர்டு இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒலித்தடுப்பு போர்டு அதைவிடக் கனம். தோள், முதுகு, முழங்கால் மூன்றும் அடி வாங்கும். 2000-க்கு முந்தைய கட்டடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வு அறிக்கையைப் பார்க்காமல் பழைய சீலிங்கில் கை வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘அப்ரன்டிஸாக எடுக்கிறோம், ஆனால் சிஐஎஸ் முறையில் 20 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவோம்’ என்று யாராவது சொன்னால் அது அப்ரன்டிஸ்ஷிப் அல்ல. சிஐஎஸ் என்பது கட்டுமானத்தில் சுயதொழில் செய்பவர்களின் கூலியிலிருந்து வரியை முன்கூட்டியே பிடிக்கும் முறை. அப்ரன்டிஸ் என்றால் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, சம்பளத்துடன் விடுமுறை எல்லாம் இருக்கும். ஒப்பந்தத்தைக் கையில் வாங்காமல் சேராதீர்கள்.

வேலை தேட அரசின் அப்ரன்டிஸ்ஷிப் தளம் இருக்கிறது. அத்தோடு நிற்காமல் சைட்டுக்கே போய்க் கேளுங்கள். வெளித்தட்டியில் தெரிவது மெயின் கான்ட்ராக்டர் பெயர். ட்ரை லைனிங்கைப் பெரும்பாலும் சப் கான்ட்ராக்டர்தான் எடுத்திருப்பார். அது யார் என்று கேட் அலுவலகத்தில் விசாரித்து, அந்த நிறுவனத்துக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். மழை உள்ளே வராத நிலைக்குக் கட்டடம் வந்த பிறகே போர்டு ஏறும். அதனால் ஜன்னல் கண்ணாடி பொருத்த ஆரம்பித்த சைட்டுகளாகப் பார்த்துக் கேளுங்கள், ஆள் எடுக்கும் நேரம் அதுதான்.